ஹாரோவில் பொங்கல் விழா ராஃபிள்: பூனைக் காப்பகத்துக்கும் மதுரை தெருநாய்களுக்கும் பணம் திரட்ட அனுமதி வேண்டுமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: லண்டன் ஹாரோவில் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறீர்கள். பொங்கல் விழாவை ஒட்டி ஒரு ராஃபிள் (டிக்கெட் விற்றுக் குலுக்கிப் பரிசு கொடுப்பது) நடத்தி, வரும் பணத்தில் பாதியை உள்ளூர்ப் பூனைக் காப்பகத்துக்கும் மீதியை மதுரையில் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் ஓர் அமைப்புக்கும் கொடுக்க நினைக்கிறீர்கள். டிக்கெட்டை வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் விற்கலாமா, இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்களும் வாங்கலாமா, இதற்கெல்லாம் அனுமதி தேவையா என்பது கேள்வி. "நல்ல காரியம்தானே, சின்னத் தொகைதானே" என்றும் எழுதியிருந்தீர்கள். சட்டம் அந்த இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் அல்ல. யார் நடத்துகிறார்கள், டிக்கெட்டை எங்கே வைத்து விற்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கும்.

பிரிட்டனில் 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி, காசு கொடுத்து வாங்கி, யாருக்குப் பரிசு என்பது அதிர்ஷ்டத்தால் மட்டும் முடிவானால் அது லாட்டரி. ராஃபிள், டோம்போலா, ஸ்வீப்ஸ்டேக் என்று எந்தப் பெயர் வைத்தாலும் இதில் அடங்கும். லாட்டரியை உரிமத்தோடு நடத்த வேண்டும், இல்லையென்றால் சட்டம் விலக்கு அளித்திருக்கும் வகை ஒன்றில் அது அடங்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் குற்றம். பணம் முழுக்க நாய்க்கும் பூனைக்கும் போனாலும் குற்றம்தான். தனி ஆள் ஒருவர் தன் பேஸ்புக் பக்கத்தில் "இந்தப் பூனையின் அறுவைச் சிகிச்சைக்காக 2 பவுண்டு டிக்கெட், பரிசு ஐபேட்" என்று போடுவது இப்படித்தான் மாட்டிக்கொள்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்குத்தான் இந்தச் சட்டம். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. உங்களுக்கு அது வேண்டாம்.

உங்கள் அளவுக்குப் பொருந்தும் விலக்கு வகைகள் மூன்று. முதலாவது, ஒரு நிகழ்ச்சியின் பகுதியாக, அந்த இடத்திலேயே நடக்கும் ராஃபிள். உங்கள் பொங்கல் விழா மண்டபத்தில், விழா நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் டிக்கெட் விற்கலாம். முன்கூட்டியே விற்கக் கூடாது, ஆன்லைனில் விற்கக் கூடாது. குலுக்கலை அன்றே நடத்தலாம், பிறகும் நடத்தலாம். விற்ற பணத்திலிருந்து பரிசு வாங்க 500 பவுண்டுக்கு மேலும், அச்சு போன்ற செலவுக்கு 100 பவுண்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது. நன்கொடையாக வந்த பரிசுகள் அந்த 500இல் சேராது. பதிவு வேண்டாம், கட்டணம் இல்லை, கவுன்சிலுக்கு (உள்ளாட்சி மன்றத்துக்கு) கணக்கு அனுப்பவும் வேண்டாம். தனியார் லாபத்துக்கு இல்லாத எந்தக் காரியத்துக்கும் பணத்தைக் கொடுக்கலாம். பூனைக் காப்பகம் தாராளமாக அதில் அடங்கும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வண்ண வண்ண க்ளோக்ரூம் டிக்கெட் (எண் மட்டும் அச்சிட்டிருக்கும் டிக்கெட்) புத்தகமே போதும்.

இரண்டாவது, சங்க உறுப்பினர்களுக்குள் மட்டும் நடக்கும் தனிப்பட்ட லாட்டரி. இதற்கும் பதிவு வேண்டாம். 2016இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இப்படித் திரட்டும் பணத்தை வேறொரு நல்ல காரியத்துக்கும் கொடுக்கலாம். ஆனால் உறுப்பினர்களுக்கும், சங்கத்தின் இடத்துக்கு வந்திருப்பவர்களுக்கும்தான் விற்கலாம். அறிவிப்பும் சங்க இடத்துக்குள்தான் இருக்க வேண்டும். காகித நோட்டீஸை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. உறுப்பினர்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போட்டால் விதி மீறலா என்பதில் இரண்டு பக்கமும் வாதாட இடமிருக்கிறது. பன்னிரண்டு குடும்பத்துக்குள் என்ன பெரிய தொகை திரளப் போகிறது என்பதால் இந்த வகையை நீங்கள் விட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் விழாவுக்கு முன்பே, மண்டபத்துக்கு வெளியே, ஆன்லைனில் விற்க வழிவிடுவது: கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு நடத்தும் சிறிய சங்க லாட்டரி. ஒரு குலுக்கலுக்கு மொத்த விற்பனை 20,000 பவுண்டைத் தாண்டக் கூடாது, ஒரு நாட்காட்டி ஆண்டில் எல்லாக் குலுக்கலும் சேர்த்து 2,50,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் வேண்டும். பெரிய விலங்கு நல அமைப்புகள் வாராவாரம் நடத்துவது அந்த ரகம். பதிவுக் கட்டணம் 40 பவுண்டு, பிறகு ஆண்டுக்கு 20 பவுண்டு. சங்கத்தின் முதன்மை முகவரி எந்த கவுன்சில் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே பதிய வேண்டும்; செயலாளரின் வீட்டு முகவரியாகவும் இருக்கலாம். இப்படிப் பதிந்தால் ஆன்லைனில் காசு வாங்கத் தனி உரிமம் வேண்டியதில்லை.

இந்த மூன்றாவது வகையில் பலரும் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று இருக்கிறது, உங்கள் திட்டம் நேராக அதில் போய் இடிக்கிறது. திரட்டிய பணம், லாட்டரியை நடத்தும் சங்கம் எந்த நோக்கத்துக்காக அமைந்ததோ அந்த நோக்கத்துக்குப் போக வேண்டும். உங்கள் சங்க விதிகளில் "தமிழ் மொழி, கலை, பண்பாட்டை வளர்ப்பது" என்று மட்டும் இருந்தால், அந்தச் சங்கத்தின் பெயரில் பதிந்துகொண்டு பூனைக் காப்பகத்துக்குப் பணம் திரட்டுவது இடறும். லாட்டரி நடத்துவதற்கென்றே புதிதாக ஒரு சங்கம் தொடங்கினாலும் ஏற்க மாட்டார்கள். வேறு உண்மையான நோக்கம் இருக்க வேண்டும். ஆகவே இரண்டு வழி. ஒன்று, பொதுக்குழு கூடி, விலங்கு நலப் பணிகளுக்கு உதவுவதையும் நோக்கங்களில் சேர்த்துத் தீர்மானம் போட்டு, கூட்டக் குறிப்போடு விண்ணப்பிப்பது. இன்னொன்று, அந்தப் பூனைக் காப்பகத்திடமே பேசி, அவர்கள் பெயரில், அவர்கள் பதிவின்கீழ் நடத்துவது. நீங்கள் டிக்கெட் விற்றுக் கொடுக்கும் தொண்டர்கள், அவ்வளவுதான். பல காப்பகங்கள் ஏற்கெனவே பதிவு வைத்திருக்கும். எனக்கு இரண்டாவது வழியே மேல் என்று படுகிறது, உள்ளூர்ப் பங்கைப் பொறுத்தவரை. ஆனால் அப்போது மதுரைக்குப் பாதி என்ற பேச்சு எடுபடாது; பூனைக் காப்பகத்தின் நோக்கத்தில் மதுரை நாய் இருக்காது.

காப்பகம் என்று பேச்சு வந்ததால் ஒரு சிறு எச்சரிக்கை. ஆர்.எஸ்.பி.சி.ஏ. (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) போன்ற பெயர்களைப் பார்த்துவிட்டு, தேசிய அமைப்புக்குக் கொடுத்தால் அது பக்கத்துத் தெருவில் இருக்கும் பூனைக் கூடத்துக்கு வந்து சேரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய உள்ளூர்க் கிளைகள் தனித்தனியாகப் பதிவான அறக்கட்டளைகள். வரவும் செலவும் தனி. உங்கள் பணம் எந்தக் கூண்டுக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அந்தக் கிளையின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். போஸ்டரில் அவர்கள் பெயரைப் போடுவதற்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே கொடுப்பார்கள், சில இடங்களில் போஸ்டரும் உண்டியலும் சேர்த்தே கொடுப்பார்கள்.

பதிந்து நடத்துவது என்று முடிவெடுத்தால், பதிவு கையில் வரும்வரை ஒரு டிக்கெட் கூட விற்கக் கூடாது, அச்சுக்கும் கொடுக்காதீர்கள். கவுன்சில் முடிவு சொல்லச் சில வாரம் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு, பொங்கலுக்கு என்றால் அக்டோபரிலேயே விண்ணப்பியுங்கள். டிக்கெட்டில் நான்கு விவரம் இருந்தே ஆக வேண்டும்: சங்கத்தின் பெயர், டிக்கெட் விலை, பொறுப்பாளராக இருக்கும் உறுப்பினரின் பெயரும் முகவரியும், குலுக்கல் தேதி. க்ளோக்ரூம் டிக்கெட் இங்கே உதவாது. ஆன்லைன் டிக்கெட் என்றாலும் இதே நான்கும் வாங்கியவர் கைக்கு, சேமித்து வைக்கவோ அச்செடுக்கவோ முடிகிற வடிவில் போய்ச் சேர வேண்டும். "பணம் வந்தது, உங்கள் எண் 214" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் அது டிக்கெட் ஆகாது.

எல்லா டிக்கெட்டுக்கும் ஒரே விலை. நம் விழாக்களில் வழக்கமாகப் போடுகிற "ஒன்று 2 பவுண்டு, ஆறு வாங்கினால் 10 பவுண்டு" இந்த வகையில் செல்லாது. ஒரு புத்தகம் விற்றுக் கொடுத்தவருக்கு ஒரு டிக்கெட் இலவசம் என்பதும் செல்லாது. காசு கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட் போக வேண்டும். "அண்ணா, எனக்கு அஞ்சு எடுத்து வையுங்க, காசு விழாவில தர்றேன்" என்று கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். எடுத்து வைக்காதீர்கள். குலுக்கலில் அந்த எண்ணுக்கே முதல் பரிசு விழுந்து, காசும் வராமல் இருந்தால் யாராலும் நியாயம் சொல்ல முடியாது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் வாங்கவோ விற்கவோ கூடாது. தேசிய லாட்டரிக்கு 2021இல் 18 ஆக்கியதைப் பார்த்துப் பல அறக்கட்டளைகள் தாங்களாகவே 18 என்று வைத்துக்கொண்டிருக்கின்றன. மண்டபத்துக்குள் நடக்கும் முதல் வகை ராஃபிளுக்கு இந்த வயது வரம்பு கிடையாது, பிள்ளைகளும் வாங்கலாம். தெருவில் நடந்துகொண்டே விற்கக் கூடாது. வணிக வளாகத்தின் உள் நடைபாதைகளும் தெருவாகவே கருதப்படும். ஓரிடத்தில் மேசையோ கடையோ போட்டு உட்கார்ந்து விற்கலாம், வீடு வீடாகவும் போகலாம்.

அடுத்தது காசுக் கணக்கு. மொத்த விற்பனையில் குறைந்தது 20 சதவீதம் நோக்கத்துக்குப் போக வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், டிக்கெட் விற்காதபோதுதான் கடிக்கும். 2 பவுண்டு வீதம் 1,000 டிக்கெட் அடிக்கிறீர்கள், 500 பவுண்டுக்கு ஒரு டிவியை முதல் பரிசாக அறிவிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கு 120 பவுண்டு, பதிவுக்கு 40. எல்லாம் விற்றால் 2,000 வரும், கவலையில்லை. ஆனால் 400தான் விற்கிறது. வரவு 800. இதில் 160 பூனைக்குப் போயே ஆக வேண்டும், ஆகப் பரிசுக்கும் செலவுக்கும் எடுக்க முடிந்தது 640. உங்கள் செலவோ 660. இருபது பவுண்டில் சட்டத்தை மீறிவிட்டீர்கள், அல்லது சங்கப் பணத்திலிருந்து அந்த இருபதைப் போட்டு, எங்கிருந்து போட்டோம் என்று கணக்கில் காட்ட வேண்டும். இதே டிவியை ஒரு கடைக்காரர் நன்கொடையாகக் கொடுத்திருந்தால் செலவு 160 மட்டுமே. 640 பவுண்டு காப்பகத்துக்குப் போகும். முதலாவது கணக்கில் காப்பகத்துக்குக் கிடைத்தது 160. அதனால் காசு கொடுத்துப் பரிசு வாங்கும் எண்ணத்தையே கைவிடுங்கள். உணவகச் சாப்பாட்டுக் கூப்பன், துணிக்கடைக் கூப்பன், மளிகைக் கூடை என்று கேட்டு வாங்குங்கள். ஹாரோ, வெம்ப்ளி கடைகளில் பொங்கல் நேரத்தில் இல்லையென்று சொல்பவர்கள் குறைவு. கொடுத்தவரின் பெயர், பொருள், கடை விலை மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள், கணக்கு அறிக்கையில் நன்கொடைப் பரிசுகளின் மதிப்பையும் காட்ட வேண்டியிருக்கும்.

பரிசாக உயிருள்ள விலங்கு எதுவும் வேண்டாம். பூனைக் காப்பகத்துக்காக நடத்தும் ராஃபிளில் பூனைக்குட்டியே பரிசு என்பது வேடிக்கையான யோசனையாகச் சிலருக்குத் தோன்றும். ஸ்காட்லாந்தில் விலங்கைப் பரிசாகக் கொடுப்பதே பொதுவாகக் குற்றம்; இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், பெரியவர் துணையின்றி வரும் 16 வயதுக்குட்பட்டவருக்கு அப்படிக் கொடுப்பதைத் தடுக்கிறது. சட்டம் விட்டாலும் காப்பகம் விடாது. வீட்டுச் சூழலை விசாரிக்காமல் ஒரு குட்டியைக் கூட வெளியே கொடுக்காதவர்கள் அவர்கள்.

குலுக்கலில் ஏமாற்று நடப்பது அபூர்வம், கவனக்குறைவுதான் நிறைய. புத்தகம் பத்துப் பத்து டிக்கெட்டாக, அடிக்கட்டையோடு அடிக்கச் சொல்லுங்கள். எந்தப் புத்தகம் யாரிடம் போனது என்று ஒரு நோட்டில் எண்ணோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குலுக்கலுக்கு இரண்டு நாள் முன்பு எல்லாப் புத்தகமும், விற்றது விற்காதது இரண்டுமே, திரும்பி வர வேண்டும். விற்காத அடிக்கட்டைகளைத் தனியே எடுத்துக் கட்டி வைத்துவிடுங்கள். அவை டப்பாவுக்குள் போய்விட்டால் ஆளே இல்லாத எண்ணுக்குப் பரிசு விழும். விற்ற அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழித்து, எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஒரு மடிப்பு மடியுங்கள். பிழை பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: அவசரத்தில் நாலைந்து அடிக்கட்டை பின்னோடு சேர்ந்தே டப்பாவுக்குள் போய்விடும், அந்தக் கொத்துதான் கைக்கு முதலில் தட்டுப்படும். டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நிரப்பினால் கலக்காது. சங்கத்தில் இல்லாத ஒருவரை எடுக்கச் சொல்லி, எடுத்த எண்ணை உரக்கப் படித்து, இரண்டு பேர் எழுதிக்கொள்ளட்டும். கமிட்டி ஆட்களும் வாங்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, ஆனால் தலைவருக்கே முதல் பரிசு விழுந்தால் அடுத்த வருடம் யாரும் வாங்க மாட்டார்கள். அதை முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். கேட்டு வராத பரிசை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதையும் டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். அடிக்கட்டையில் வாங்கும் பெயரும் கைபேசி எண்ணும் குலுக்கலுக்கு மட்டும்தான். சம்மதம் கேட்காமல் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடக் கூடாது.

குலுக்கல் முடிந்து மூன்று மாதத்துக்குள் கவுன்சிலுக்குக் கணக்கு அறிக்கை போக வேண்டும். டிக்கெட் விற்ற காலம், குலுக்கல் தேதி, மொத்த வரவு, பரிசுக்கும் செலவுக்கும் எடுத்தது, நோக்கத்துக்குக் கொடுத்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும். 18 வயது நிறைந்த இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களைச் சங்கம் எழுத்து மூலம் நியமித்திருக்க வேண்டும். வரி பற்றிக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்: டிக்கெட் விற்பனைக்கு வாட் வரி இல்லை. ஆனால் டிக்கெட் வாங்கியதை நன்கொடையாகக் காட்டி கிஃப்ட் எய்டு (நன்கொடைக்காக அறக்கட்டளை அரசிடமிருந்து திரும்பப் பெறும் வரி) கோர முடியாது. டிக்கெட் காசும் நன்கொடையும் தனித்தனி உண்டியலில் விழட்டும்.

"காசு வாங்காமல், விருப்பமிருந்தால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டால்?" என்று ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். உண்மையிலேயே காசு கொடுக்காதவரும் அதே வாய்ப்போடு கலந்துகொள்ள முடிந்தால் அது லாட்டரி அல்ல, இலவசக் குலுக்கல், சட்டம் தலையிடாது. வாசலில் நின்று "குறைந்தது இரண்டு பவுண்டாவது" என்று முறைத்தால் மீண்டும் லாட்டரிதான். "பொங்கல் எந்த மாதம் வரும்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் போட்டி என்று பெயர் வைப்பதும் செல்லாது. கணிசமானவர்களைக் கலந்துகொள்ள விடாமலோ வெல்ல விடாமலோ தடுக்கும் அளவுக்குக் கேள்வி கடினமாக இருந்தால்தான் அது திறன் போட்டி. கோஃபண்ட்மீ (ஆன்லைனில் நன்கொடை திரட்டும் தளம்) பக்கத்தோடு ராஃபிளை இணைக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள், அவர்களுடைய விதிகளே அதைத் தடுக்கின்றன.

இந்தியாவில் உள்ள சொந்தக்காரர்களுக்கு விற்காதீர்கள். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. லாட்டரிச் சீட்டு வாங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை இந்திய அந்நியச் செலாவணி விதிகள் முழுமையாகத் தடுத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் லாட்டரிக்கே தடை. உதவ விரும்பும் மாமாவும் அத்தையும் அங்கிருந்தே மதுரை அமைப்புக்கு நேராக நன்கொடை கொடுத்துவிடலாம், அது எந்த விதியிலும் இடிக்காது.

மதுரைக்குப் பணம் அனுப்புவதுதான் முழுத் திட்டத்திலும் சிக்கலான பகுதி, பிரிட்டிஷ் சட்டத்தால் அல்ல. உங்கள் சங்கம் இந்தியாவுக்கு வெளிநாட்டு மூலம். அது கொடுக்கும் பணம் வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அவர்கள் தொடங்கியிருக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்குக்குத்தான் வர வேண்டும், அங்கிருந்து வேறொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஆகவே "சென்னையில் ஒரு பெரிய டிரஸ்டுக்குப் பதிவு இருக்கிறது, அவர்கள் வாங்கி மதுரைக்குக் கொடுப்பார்கள்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் ஆகும். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் அட்டை) இதில் உதவாது. ராஃபிளில் திரண்ட பணத்தை இந்தியப் பாஸ்போர்ட்காரர் ஒருவரின் கணக்கு வழியாக அனுப்பிச் சமாளிக்கும் யோசனை வரும். அது அவருடைய சேமிப்பு அல்ல, எனவே மாட்டிக்கொள்வது வாங்கிய அமைப்புதான். அந்த அமைப்பிடம் இரண்டு தாள் கேளுங்கள்: எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு நடப்பில் இருப்பதற்கான சான்று, 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்கீழ் விலங்கு நல வாரியம் கொடுத்த திட்ட அங்கீகாரம். இரண்டாவது இல்லாமல் தெருநாய்க் கருத்தடைத் திட்டம் நடத்தவே கூடாது.

உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஆண்டு பதிவுக்கே போக வேண்டாம் என்பேன். விழா மண்டபத்தில் நன்கொடைப் பரிசுகளோடு முதல் வகை ராஃபிள், பணம் முழுவதும் உள்ளூர்க் காப்பகத்துக்கு. மதுரைக்கு வாசலில் ஒரு தனி உண்டியல், அதுவும் அந்த இரண்டு தாளும் வந்த பிறகு. மண்டபத்தை வாடகைக்கு விடுபவர்கள் சிலர் ராஃபிளுக்குத் தங்கள் பக்கமிருந்தும் நிபந்தனை போடுவார்கள், முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். நோக்கங்களைத் திருத்தும் தீர்மானத்தை வருகிற பொதுக்குழுவில் போட்டு வைத்தால் அடுத்த பொங்கலுக்கு ஆன்லைன் விற்பனையைப் பற்றி யோசிக்கலாம். நான் சொன்னது விதிகளின் பொது விளக்கம். உங்கள் சங்க விதிகளின் வாசகத்தை வைத்து முடிவு சொல்ல வேண்டியது ஹாரோ கவுன்சிலின் உரிமப் பிரிவு. தொலைபேசியில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கும்.